காவலும் கண்ணியும்



நூற்றுநான்காம் சங்கீதம் படைப்பைப் பாடுகிற சங்கீதம். அதன் நடுப்பகுதியை இந்த வாரம் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இரவையும் பகலையும் குறித்த ஓர் ஒழுங்கு அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. இருள் சூழ்ந்ததும் காட்டு உயிர்கள் இரை தேடி நடமாடத் தொடங்குகின்றன. பொழுது விடிந்ததும் அவை தங்கள் மறைவிடங்களுக்குத் திரும்பிப் படுத்துக்கொள்கின்றன. அதன் பின்பு மனிதன் தன் உழைப்புக்குப் புறப்படுகிறான், மாலைவரை உழைக்கிறான். நிலம் ஒன்றே, அதைப் பயன்படுத்தும் முறை இரண்டு. பகல் மனிதனுக்கும் இரவு விலங்குக்கும் எனப் பங்கிட்டவர் தேவன் என்பதே சங்கீதக்காரனின் வியப்பு.

ஆனால் களக்காட்டுக்கும் கடையத்துக்கும் இடையில், மலையடிவாரத்து ஊர்களில் குடியிருக்கிற நமக்கு இந்தப் பங்கீடு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. நம் வயல்களின் மேற்கு எல்லை முடிகிற இடத்திலிருந்து சற்றுத் தொலைவில் காடு தொடங்குகிறது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக 1988ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைக் காடு அது. அங்கே வாழும் உயிர்களுக்கு நம் பட்டாவும் தெரியாது, வரப்பும் தெரியாது. மறுபக்கம், நம் வேலையும் மாலையோடு முடிவதில்லை. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில்தான் மோட்டாரைப் போட முடியும். அது நள்ளிரவாக இருந்தால் நள்ளிரவில் எழுந்து போய்த்தான் மடை திருப்ப வேண்டும். சங்கீதத்தில் தனித்தனியாக நடக்கிற இரண்டு பயணங்கள் நம் ஊரில் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்து சந்திக்கின்றன.

அந்தச் சந்திப்பைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரவில் வரும் விலங்குகளால் உண்டாகும் இழப்பு சிறியதல்ல. நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்துபோகிறவர்களுக்கு முள்ளம்பன்றி ஒரு வேடிக்கை. நட்டு ஆறு மாதமான தென்னங்கன்றின் குருத்தை அது குடைந்து தின்றுவிட்டதைக் காலையில் காண்கிறவருக்கு அது வேடிக்கையல்ல. பலாப் பழுக்கும் காலத்தில் கரடி கொல்லைப்புறம் வரை வருகிறது. ஓட்டின்மேல் மரநாய் நடக்கிறது. கோடை இரவில் வெறுந்தரையில் பாய்விரித்துப் படுப்பவரின் அருகே கட்டுவிரியன் ஊர்ந்து வருகிறது.

இவை எல்லாவற்றிலும் நம்மை மிகவும் களைப்படையச் செய்வது காட்டுப்பன்றியே. அதன் கண்பார்வை கூர்மையானதன்று. மோப்பசக்தியோ மிகக் கூர்மையானது. கூட்டமாக வரும். வாழையின் கிழங்குக்காக மரத்தையே சாய்க்கும். கதிர் பால்பிடிக்கும் நாட்களில் நெல்வயலில் இறங்கினால், தின்பதைவிட மிதித்துக் கெடுப்பதே அதிகம். நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் எதையும் அது விடுவதில்லை. ஏறத்தாழ நான்கு மாதம் சினைகாத்து ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும் விலங்காதலால் அதன் கூட்டம் விரைவாகப் பெருகுகிறது. எண்பதாம் சங்கீதத்தில், வேலி தகர்க்கப்பட்ட திராட்சத்தோட்டத்தைப் பாழாக்குவதற்குக் காட்டுப்பன்றியை உவமையாகச் சொன்ன புலவர், தன் தோட்டத்தில் அதைக் கண்ணால் கண்டவராகவே இருந்திருக்க வேண்டும். கடன் வாங்கி நட்ட ஒரு ஏக்கர் வாழை ஒரே இரவில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து, வரப்பில் உட்கார்ந்து அழுத ஆண்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களிடம், "அதுவும் தேவனுடைய படைப்புத்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவது மேய்ப்பனுக்கு அழகல்ல.

ஆகவே, பன்றியைத் தடுக்கலாமா கூடாதா என்பது நம் கேள்வியன்று. தடுக்கத்தான் வேண்டும். எவ்விதம் தடுப்பது என்பதே கேள்வி. அந்தக் கேள்வி எவ்வளவு பாரமானது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் கற்றுக்கொண்டேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம்.

பிசானப் பருவம், தை மாதம். பயிர் பால்பிடித்திருந்த நேரம். நம்மைப் போன்ற ஒரு விவசாயி, பல இரவுகள் பரணில் உட்கார்ந்து களைத்தவர், தன் மோட்டார் அறையிலிருந்து கட்டுக்கம்பி இழுத்து வயலைச் சுற்றிக் குச்சிகளில் கட்டினார். வீட்டு விளக்குகளுக்கு வரும் அதே 230 வோல்ட் மின்சாரத்தை இரவில் அதில் செலுத்தினார். அதிகாலை இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும், அடுத்த வயலுக்குரிய வீட்டின் இளைய மகன், இருபத்தாறு வயது, தண்ணீர் பாய்ச்சப் புறப்பட்டான். ஈர வரப்பு, வெறுங்கால். விடிந்த பிறகுதான் அவனைக் கண்டார்கள்.

இரண்டு குடும்பங்களும் ஒரே ஆலயத்தில் ஆராதிக்கிறவர்கள். அடக்க ஆராதனையை முடித்துவிட்டு நான் அந்தத் தாயின் அருகே போய் நின்றபோது அவர் என்னிடம் கேட்டார்: "பன்னிக்கு வச்ச கம்பின்னு சொல்லுதாவ ஐயா. அந்தக் கம்பிக்கு எம்புள்ளையும் பன்னியும் ஒண்ணுதானா?"

அன்று மாலை மற்ற வீட்டுக்கும் போனேன். கணவரைக் காவல்துறையினர் அழைத்துச் சென்றிருந்தனர். அடுப்பு மூட்டப்படவில்லை. அந்த மனைவி தலைநிமிராமல் சொன்னார்: "அவிய கொல்லணும்னு வைக்கல ஐயா. ஒரு ராத்திரியாவது கண்ணடைக்கணும்னுதான் வச்சாவ."

இந்த இரண்டு பெண்களின் வார்த்தைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. இரண்டும் உண்மை. அவர் கொல்ல நினைக்கவில்லை, தூங்க நினைத்தார். தனக்குப் பதிலாக விழித்திருக்கும்படி ஒரு கம்பியை நிறுத்தினார். ஆனால் கம்பி விழித்திருப்பதில்லை. யார் வருகிறார் என்று அது பார்ப்பதில்லை. குரல் கொடுத்துக் கேட்பதில்லை. ஆளைக் கண்டு கையை இழுத்துக்கொள்வதில்லை. காவலுக்கும் கண்ணிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. காவல் காப்பவன் விழித்திருக்கிறான். கண்ணி வைத்தவன் உறங்கிவிடுகிறான்.

பிரியமானவர்களே, வேதம் இதைப்பற்றிப் பேசவில்லை என்று எண்ணாதீர்கள். யாத்திராகமம் இருபத்தோராம் அதிகாரத்தின் இறுதியில், நாம் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிற ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. ஒருவன் தன் நிலத்தில் குழி ஒன்றைத் திறந்தோ வெட்டியோ, அதை மூடாமல் விட்டுவிடுகிறான். அயலானுடைய மாடோ கழுதையோ அதில் விழுந்து சாகிறது. குழி அவனுடைய நிலத்தில்தான் இருக்கிறது. வந்து விழுந்தது மாட்டின் அறியாமைதான். ஆயினும் நஷ்டத்தை ஈடுசெய்யவேண்டியவன் குழிக்குச் சொந்தக்காரனே என்று நியாயப்பிரமாணம் தீர்க்கிறது. "என் நிலம், என் குழி" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அதே அதிகாரத்தில், முட்டுகிற பழக்கமுள்ள மாடு என்று அறிந்திருந்தும் அதைக் கட்டிவைக்காதவனுக்குத் தீர்ப்பு இன்னும் கடுமையாகிறது. உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்திலோ, புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று சொல்லப்படுகிறது. ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் காரணம்.

இந்தக் கட்டளைகள் எல்லாவற்றிலும் ஓர் உண்மை ஓடுகிறது. நாம் செய்துவைக்கிற ஒரு பொருள், நாம் அந்த இடத்தில் இல்லாதபோதும் நம் சார்பாகவே செயல்படுகிறது. நாம் உறங்கும் நேரத்திலும் அது நம்முடைய கைதான்.

அதேவேளையில், உபாகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தையும் நாம் மறந்துவிடக்கூடாது. மரம் வெட்டும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று அயலான்மேல் பட்டு அவன் இறந்தால், பகையின்றி அதைச் செய்தவன் ஓடித் தப்புவதற்கு அடைக்கலப் பட்டணங்கள் வைக்கப்பட்டன. கம்பி கட்டினவரின் செயல் கோடரி கழன்றதற்குச் சமமன்று. ஆபத்தை அறிந்தே அதைத் திறந்து வைத்தார். ஆயினும் பகைத்துக் கொன்றவனுக்கும் பகையின்றிச் சாவுக்குக் காரணமானவனுக்கும் தேவன் வேறுபாடு வைத்திருக்கிறார் என்பதை அந்த அதிகாரம் நமக்கு நினைவூட்டுகிறது. அவருடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் "கொலைகாரன் மகன்" என்று அழைத்தவர்களுக்கு நான் அந்த அதிகாரத்தையே வாசித்துக் காட்டினேன்.

சட்டத்தின்படியும் இது பெருங்குற்றம். மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேரடியாக மின்சாரம் செலுத்தி வேலி அமைக்க எவருக்கும் அனுமதியில்லை. தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் மின்வேலிகளுக்கென்றே விதிகளை வகுத்தது. அவற்றின்படி, பாதுகாப்பான வேலிக்கும் முன்னரே அனுமதி பெறவேண்டும். ஏற்கெனவே உள்ள வேலிகளைப் பதிவு செய்யவேண்டும்.

"சூரியசக்தி வேலியும் மின்வேலிதானே, அது மட்டும் எப்படி ஆகும்?" என்று சிலர் கேட்கிறீர்கள். முறையாகச் செய்யப்பட்ட வேலியில் மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை, இமைப்பொழுதிலும் மிகக் குறைந்த நேரம் துடித்து நிற்கிறது. தொட்டால் சுள்ளென்று அடித்து விலக்கும், பிடித்து வைத்துக்கொள்ளாது. நேரடி மின்சாரமோ தசையை இறுக்கிவிடும், தொட்டவரால் கையை எடுக்க முடியாது, இதயம் நின்றுவிடும். ஒன்று எச்சரிக்கை, மற்றது கண்ணி.

கண்ணி தான் குறிவைத்த உயிரோடு நிற்பதில்லை என்பதற்கு நாடறிந்த சான்றுகளும் உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க வைக்கப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பிப் பிழைத்து அந்த உடல்களைச் சுற்றி வந்தன. 2020ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடிமருந்து வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பமுற்ற யானை, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டது. நம் பக்கத்தில் அவுட்டுக்காய் என்று சொல்கிறோமே, அத்தகைய வெடி அது. பன்றிக்கென்று வைக்கப்படும் அவுட்டுக்காயை ஆடு கடிக்கிறது, மாடு கடிக்கிறது, புல் அறுக்கப் போன பெண் மிதிக்கிறாள். தீமையை இருளில் வைத்துவிட்டு வருகிறவன், அது யாரைச் சேரும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறான்.

அப்படியானால் நாம் என்ன செய்யவேண்டும்? நம் சேகரத்தின் ஊர்களில் பலர் அனுபவத்தால் அறிந்து என்னிடம் சொன்னவற்றையும், வனத்துறையினர் நமக்கு விளக்கினவற்றையும் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, காவலைத் தனியாகச் சுமக்காதீர்கள். அந்த விவசாயி பல இரவுகள் தனியே விழித்திருந்தார். அவருடைய களைப்பே அவரைக் கண்ணியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பத்து வயல்காரர்கள் சேர்ந்தால், இரவுக்கு இரண்டுபேராக, ஒவ்வொருவருக்கும் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் முறை வரும். மற்ற நான்கு இரவுகளும் நிம்மதியாக உறங்கலாம். தகரம் தட்டுவதும் டார்ச் அடிப்பதும் குரல் கொடுப்பதும் பழைய முறைகள்தான். ஆனால் அவற்றைச் செய்கிறவனுக்குக் கண் இருக்கிறது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், தாம் எந்த வழியாகப் போகிறார் என்று காவல்முறையில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை கைப்பேசியில் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

இரண்டாவது, உயிர் கொல்லாத வேலிகளைப் பயன்படுத்துங்கள். பழைய சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டும் வழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. அதன் அசைவும் அதிலுள்ள மனித வாடையும் பன்றியைத் தயங்கவைக்கின்றன. சில வாரங்களில் அது பழகிவிடும். அப்போது இடம் மாற்றிக் கட்டவேண்டும். நம் மாதர் சங்கத்தினர் சென்ற பருவத்தில் வீடு வீடாகச் சேலை சேகரித்துக் கொடுத்தார்கள். விடியற்காலையில் அந்த வழியாக நடக்கும்போது, இது இன்னாருடைய கல்யாணச் சேலை, இது இன்னார் கிறிஸ்துமசுக்கு உடுத்தியது என்று பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போவதைக் கேட்டேன். ஊரே சேர்ந்து உடுத்திய வயல் அது. வசதியுள்ளவர்கள் சிலர் சேர்ந்து, அனுமதி பெற்றுச் சூரியசக்தி வேலி அமைக்கலாம். கம்பியின்மேல் புல் படராமல் அதைப் பராமரிக்கவும் வேண்டும்.

மூன்றாவது, தரிசைக் கவனியுங்கள். யாத்திராகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில், கானானியரை ஒரே ஆண்டில் துரத்திவிடமாட்டேன் என்று கர்த்தர் சொல்வதற்கு ஒரு காரணம் கூறப்படுகிறது: நிலம் ஆளின்றிப் பாழாய்ப்போனால் காட்டு விலங்குகள் பெருகிவிடும். எத்தனை நடைமுறை அறிவு! பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட, பயிரிட ஆளில்லாத நிலங்களில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. பன்றிகள் பகலில் காட்டுக்குத் திரும்பிப் போகாமல் அந்தப் புதரிலேயே படுத்துக்கொள்கின்றன. ஆலயத்துக்குச் சொந்தமான தரிசில் முள்ளை அகற்றியபோது, பன்றிகள் படுத்துக் கிடந்த குழிகளை நம் வாலிபர்கள் காட்டினார்கள். வெளியூரில் இருந்து இதை வாசிக்கிற அன்பர்களே, உங்கள் பூர்வீக நிலத்தின் முள்ளை வெட்டுவதற்கு ஆண்டுக்கு ஒருமுறை பணம் அனுப்புங்கள். அதுவும் அயலானுக்குச் செய்யும் ஊழியமே.

நான்காவது, வீட்டைச் சுற்றி இரவில் எதையும் கவர்ச்சியாக வைக்காதீர்கள். எச்சில் இலையையும் அழுகிய காய்கறியையும் குழியிலிட்டு மூடுங்கள். பலாப்பழத்தை முற்றிலும் பழுக்கும் முன்னே இறக்கிவிடுங்கள். கோழியையும் ஆட்டையும் கதவுள்ள கொட்டிலில் அடையுங்கள். சிறுத்தை நடமாட்டமுள்ள தெருக்களில் நாயை வெளியே சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள். அது ஓடவும் முடியாமல் இரையாகிவிடும். இரவில் வெளியே போகும்போது டார்ச் எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டோ கோலால் தரையைத் தட்டிக்கொண்டோ போங்கள். கரடி எதிர்பாராமல் மிக அருகில் ஆளைக் காணும்போதுதான் பெரும்பாலும் தாக்குகிறது; சத்தம் கேட்டால் விலகிப் போகவே விரும்பும். குட்டிகளோடிருக்கும் பன்றியையும் அடிபட்ட பன்றியையும் துரத்தாதீர்கள். தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடயமோ தெரியாமலே போகலாம். சந்தேகம் வந்தாலே, கீறவும் கட்டவும் வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஐந்தாவது, சட்டத்தின் கதவைத் தட்டுங்கள். பயிர் சேதமானால் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள். காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள விலங்கு. நாமாகக் கொல்ல இயலாது. ஆயினும் விவசாயிகளின் துயரத்தை முன்னிட்டு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கும், ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வருபவற்றைப் பிடித்துக் காட்டில் விடுவதற்கும் வழிசெய்யும் அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிட்டது. ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள நம் ஊர்களுக்கு அது பொருந்தாது என்று நீங்கள் வருந்துவது எனக்குத் தெரியும். அதனால்தான் நமக்குக் காவல்முறை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஒருவேளை, யாராவது மின்கம்பியில் சிக்கியிருப்பதைக் கண்டால், பதற்றத்தில் அவரைத் தொட்டுவிடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். காப்பாற்றப் போனவரும் மாண்ட வீடுகள் உண்டு.

இவற்றையெல்லாம் செய்தாலும் சில இரவுகளில் பன்றி ஜெயித்துவிடும். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. சில வாழைகள் விழும்; சில மரக்கால் நெல் குறையும். அந்த இழப்பைத் தாங்குவதற்குச் சபையாக நாம் ஒருவருக்கொருவர் தோள்கொடுக்க வேண்டும். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கைப் பயிரிழந்த குடும்பத்துக்கு ஒதுக்குவதும் ஆராதனையே. ஒரு பயிரின் இழப்பை ஊர் சேர்ந்து தாங்கிவிடலாம். ஓர் உயிரின் இழப்பை எந்த ஊராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

தேவனுடைய பாதுகாப்பை நூற்று இருபத்தோராம் சங்கீதம் எவ்விதம் விவரிக்கிறது என்று கவனியுங்கள். தம்முடைய ஜனத்தைச் சுற்றி அவர் பொறி வைத்தார் என்று அது சொல்லவில்லை. அவர் கண்ணயராமல் விழித்திருக்கிறார் என்றே சொல்லுகிறது. நம் தேவன் காவல் காக்கிற தேவன். பெத்லகேமின் வயல்வெளியில் இரட்சகரின் பிறப்பு முதன்முதல் யாருக்கு அறிவிக்கப்பட்டது? மந்தையைக் காத்து இரவில் விழித்திருந்த மேய்ப்பர்களுக்கு. ஆதியாகமத்தில் காயீன் தன் தம்பியைக் குறித்து எரிச்சலோடு கேட்ட கேள்விக்கு, வேதம் முழுவதும் தருகிற பதில் ஒன்றுதான்: ஆம், நீ அவனுக்குக் காவலாளிதான், இரவிலும்.

அந்த ஊரில் பின்பு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சிறைப்பட்டவரின் வயல் அறுப்புக்கு நின்றது, காக்க ஆளில்லை. சபை மூப்பர்கள் சிலர் முறைவைத்துக் காவலுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் இரவு, இறந்தவனின் அண்ணன் தன் வரப்பில் தனியே உட்கார்ந்திருந்தான். அந்த வயலுக்குள் அவன் கால் வைக்கவில்லை. ஆனால் பன்றிக்கூட்டம் மறுபக்கமாக அந்த நெல்லில் இறங்கியபோது, தகரத்தை எடுத்து முதலில் தட்டினவன் அவன்தான். மறுநாள் மூப்பர் ஒருவர் நன்றி சொன்னபோது, "பன்னிக்கு எல்லை தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதை மன்னிப்பு என்று நான் பெயரிடவில்லை. மன்னிப்புக்கு அதற்குரிய காலம் வேண்டும். அதை அவசரப்படுத்தும் உரிமை எனக்கில்லை. ஆனால் அது காவல். அயலானுடைய நெல்லுக்காகவும் ஒருவன் விழித்திருந்தான்.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. உங்கள் மோட்டார் அறைக்குப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து வெளியே போகும் கம்பி ஏதேனும் இருந்தால், பகல் வெளிச்சத்தில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். அதன் பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காவல்முறைப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுங்கள். என் பெயர் ஏற்கெனவே அதில் இருக்கிறது. செவ்வாய் இரவு என் முறை.

உறங்காமல் நம்மைக் காக்கிற தேவன், உங்கள் இல்லங்களையும் வயல்களையும், இருளில் நடக்கும் உங்கள் பிள்ளைகளின் கால்களையும் காப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் ஆயர்